ஏழு புள்ளி தூரம்: நெப்ராஸ்கா அணியின் பின்னால் ஓர் இலையுதிர்காலம், 2021

27 ஆகஸ்ட், வெள்ளி. ஷாம்பெய்ன் போகும் வழி

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ஊரான லிங்கனிலிருந்து, முதல் ஆட்டம் நடக்கும் ஷாம்பெய்னுக்குச் சுமார் 850 கிலோமீட்டர். நடுவில் நிறுத்துவதையும் சேர்த்து ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஒமாஹா தாண்டியதும் அயோவா மாநிலம் முழுக்க ஐ-80 நெடுஞ்சாலைதான். இரு பக்கமும் சோளம், சோயா, மறுபடியும் சோளம். வால்காட்டில் 284ஆம் எண் வெளிவழியில் ‘உலகின் மிகப் பெரிய டிரக் நிறுத்தம்’ என்று பலகை மாட்டிய அயோவா 80 இருக்கிறது. பெட்ரோல், கழிவறை, சாப்பாடு மூன்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். மிசிசிப்பி ஆற்றைக் கடந்து ஐ-74 பிடித்தால் பியோரியா, புளூமிங்டன் வழியாக நேரே ஷாம்பெய்ன். சிகாகோவில் விமானம் இறங்குபவர்களுக்குக் கார் தேவையில்லை. ஆம்ட்ராக் ரயில் இரண்டரை மணி நேரத்தில் ஷாம்பெய்ன் நிலையத்தில் விட்டுவிடும்.

இல்லினாய் அணியோடு நாளை நடக்கும் இந்த ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்து இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்துக்கே மாற்றிவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: இது நம் ஊர்க் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் கோடியில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஓர் உதை, அதற்கு 1. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. பந்து வைத்திருப்பவனை அவனுடைய சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே மடக்கினால் சேஃப்டி, மடக்கியவர்களுக்கு 2. ஓர் அணி என்பது உண்மையில் மூன்று அணிகள்: தாக்குதல், தடுப்பு, உதைப் பிரிவு. மூன்றாவதை ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். அதற்குத்தான் பயிற்சி நேரம் குறைவு, புகழும் குறைவு.

நெப்ராஸ்காவுக்கு ஐந்து தேசியப் பட்டங்கள் உண்டு: 1970, 1971, 1994, 1995, 1997. கடைசிப் பட்டத்தின்போது குவாட்டர்பேக்காக (பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடிய ஸ்காட் ஃப்ராஸ்ட்தான் இந்த 2021 பருவத்தில் தலைமைப் பயிற்சியாளர். வந்து இது நான்காம் ஆண்டு. முந்தைய மூன்றின் வெற்றி-தோல்விக் கணக்கு: 4-8, 5-7, 3-5.

28 ஆகஸ்ட், சனி. ஷாம்பெய்ன்

இல்லினாய் 30, நெப்ராஸ்கா 22.

முதல் புள்ளியே விசித்திரமானது. இல்லினாய் உதைத்த பன்ட் நெப்ராஸ்காவின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. பன்ட் என்பது, நான்காவது முயற்சியில் பந்தை இனி வைத்திருக்க வழியில்லை என்று எதிரணியின் பக்கம் தூர உதைத்துவிடுவது. அதை வாங்குபவருக்கு எல்லாப் பயிற்சி முகாமிலும் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு: குதிகாலைப் பத்து யார்டு கோட்டில் வை, தலைக்கு மேலே போகும் பந்தைத் தொடாதே. தொடாமல் விட்டால் பெரும்பாலும் அது எல்லைப் பகுதிக்குள் உருண்டு போகும், நம் அணிக்கு இருபதாம் யார்டில் பந்து கிடைக்கும். இங்கே நெப்ராஸ்கா வீரர் பிடித்தார், பின்னால் போனார், மடக்கப்படும்போது பந்தை முன்னால் எறிந்தார். எல்லைப் பகுதிக்குள்ளிருந்து அப்படி எறிவது சட்டவிரோதம், விளைவு சேஃப்டி. 2-0.

இடைவேளைக்குச் சற்று முன் குவாட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் கையிலிருந்து பந்து நழுவியது. இல்லினாய் வீரர் எடுத்து 41 யார்டு ஓடி டச் டவுன். அதற்கு முன்பு நெப்ராஸ்கா தடுப்பாளர்கள் பிடித்த ஓர் இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை நடுவில் பறிப்பது), எறிந்தவரை விதிமீறி இடித்ததால் ரத்தானது. நோ-பாலில் விழுந்த விக்கெட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு டச் டவுனுக்குப் பின்னான ஒற்றைப் புள்ளி உதை இரண்டு முறை தவறியது.

மார்ட்டினெஸ் 75 யார்டு ஓடி ஒரு டச் டவுன் போட்டதும் உண்மை. அணிக்கு ஓடத் தெரியும். ஆனால் இரண்டு உதை, ஒரு சேஃப்டி, ஒரு நழுவல் என்று கூட்டினால் 11 புள்ளி; தோற்றது 8 புள்ளியில். இந்தக் கணக்கை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டுப் பார்க்கலாம்.

17 செப்டம்பர், வெள்ளி. நார்மன்

நடுவில் லிங்கனில் இரண்டு எளிய வெற்றிகள்: ஃபோர்டமுக்கு எதிராக 52-7, பஃபலோவுக்கு எதிராக 28-3. சொல்ல அதிகம் இல்லை.

லிங்கனிலிருந்து ஓக்லஹோமாவின் நார்மன் சுமார் 720 கிலோமீட்டர், தெற்கே ஏழு மணி நேரம். யார்க் வரை ஐ-80, பிறகு யு.எஸ். 81 பிடித்து சலைனா, அங்கிருந்து ஐ-135இல் விச்சிட்டா, பிறகு ஐ-35. விச்சிட்டாவுக்குத் தெற்கே ஓக்லஹோமா எல்லை வரை கான்சஸ் டர்ன்பைக், அதற்குச் சுங்கம் உண்டு. ஓக்லஹோமா சிட்டியை மாலை நாலரை மணிக்கு முன்பே தாண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாளை ஆட்டம் காலை 11 மணிக்கு என்பதால் நார்மனில் லிண்ட்சே தெரு வெளிவழி எட்டு மணிக்கே அடைத்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் எங்காவது நிறுத்திவிட்டு நடப்பது மேல்.

பைக் கட்டுப்பாடு எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான மைதானங்களில் 12×6×12 அங்குலத்துக்குள் அடங்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. சில இடங்களில் அதுவும் கிடையாது. குழந்தையின் பால்புட்டி, மருந்து இவற்றுக்குத் தனி வாசல் இருக்கும். முதுகுப்பையோடு போனால் காருக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

இந்த வாரம் இங்கே ஐம்பதாம் ஆண்டு நினைவு. 1971ஆம் ஆண்டு நன்றி நவிலும் நாளில் (தேங்க்ஸ்கிவிங்), முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா இரண்டாமிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை இதே நார்மனில் 35-31 என்று வென்றது. ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று இன்றும் பெயர். அதன் முதல் டச் டவுன், ஜானி ராஜர்ஸ் ஒரு பன்ட்டை வாங்கி 72 யார்டு ஓடியது. அந்தப் புகழின் தொடக்கமே ஓர் உதைப் பிரிவு ஓட்டம்தான்.

18 செப்டம்பர், சனி. நார்மன்

ஓக்லஹோமா 23, நெப்ராஸ்கா 16.

ஓக்லஹோமா, நாடு முழுவதற்குமான தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருக்கும் அணி. மூன்று டச் டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று ஊரே சொன்னது. நெப்ராஸ்காவின் தடுப்பு அப்படி நடக்க விடவில்லை. பிறகு எப்படித் தோற்றது?

இரண்டு ஃபீல்ட் கோல் தவறின: 6 புள்ளி. ஒற்றைப் புள்ளி உதை தடுக்கப்பட்டது: 1. தடுத்த பந்தை ஓக்லஹோமா வீரர் எடுத்து மறு கோடி வரை ஓடினார். கல்லூரி விதிப்படி அதற்கு 2. ஆக மொத்தம் 9. வித்தியாசமோ 7.

ஒற்றைப் புள்ளி உதை வெளியிலிருந்து பார்க்க எளிது. கல்லூரியில் பந்து மூன்றாம் யார்டு கோட்டிலிருந்து பின்னால் தள்ளப்படும். பிடிப்பவர் ஏழு யார்டு பின்னால் மண்டியிட்டிருப்பார். எல்லைப் பகுதி பத்து யார்டு. ஆக 20 யார்டு உதை. தள்ளுவது, பிடித்து நிறுத்துவது, உதைப்பது எல்லாம் சேர்ந்து 1.3 வினாடிக்குள் முடிய வேண்டும். பிடிப்பவரின் கைக்குப் பந்து ஓர் அடி விலகி வந்தாலே உதைப்பவரின் காலடி தயங்கும். தயங்கினால் பந்து தாழ்வாக எழும்பும். உதைப்பவரைக் காக்க நடுவில் நிற்கும் கனத்த வீரர் அரை யார்டு பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால், எதிரணியின் உயர்ந்த கை பந்தில் பட்டுவிடும். மாடியில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் உதைப்பவரை விட்டுவிட்டு, நடுவரிசை இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பதில் அங்கேதான் இருக்கும்.

25 செப்டம்பர், சனி. ஈஸ்ட் லான்சிங்

மிச்சிகன் ஸ்டேட் 23, நெப்ராஸ்கா 20, கூடுதல் நேரத்தில்.

நீண்ட பயணம் இதுதான்: 1,150 கிலோமீட்டருக்கு மேல். சிகாகோவின் தெற்கு ஓரத்தைத் தொட்டு ஐ-94, மார்ஷலில் ஐ-69 வடக்கே. இந்தியானா தாண்டும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நுழைவுச்சீட்டில் உள்ள ‘7 மணி’ லிங்கன் நேரப்படி 6. இரவு ஆட்டம் முடிந்து வளாகத்திலிருந்து கார் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அன்றே திரும்ப நினைக்காதீர்கள். கலமஸூ வரையாவது போய்த் தங்கிவிடலாம், அறை வாடகையும் குறைவு.

இந்த ஆட்டத்தின் எண்களைத் தனியாகக் காட்டினால் நெப்ராஸ்கா ஜெயித்தது என்றுதான் எவரும் சொல்வார்கள். முன்னேறிய யார்டு 442; மிச்சிகன் ஸ்டேட் 254. இடைவேளைக்குப் பிறகு மிச்சிகன் ஸ்டேட் எடுத்தது மொத்தமே 14 யார்டு. பத்து யார்டு கடந்து புது முயற்சி பெறுவதை ஒரு தடவைகூட அந்தப் பாதியில் அவர்களால் செய்ய முடியவில்லை.

20-13 என்று முன்னிலை. நாலு நிமிடம்கூட மிச்சம் இல்லை. நெப்ராஸ்கா பன்ட் உதைக்கிறது.

இந்த ஓர் உதையை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பன்ட் உதைப்பவர் பதினான்கு, பதினைந்து யார்டு பின்னால் நிற்பார். பந்து கைக்கு வந்து காலை விட்டுப் போக இரண்டு வினாடி சொச்சம். காற்றில் அது நாலு வினாடிக்கு மேல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் துரத்துபவர்கள் நாற்பது யார்டு ஓடிப் போய்ச் சேர முடியும். தொழில்முறை ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கும் இரண்டு பேர் மட்டுமே உதைக்கு முன் ஓடலாம். கல்லூரியில் எல்லோரும் பந்து நகர்ந்த நொடியிலேயே ஓடலாம். அதனால்தான் கல்லூரி அணிகள் எந்தப் பக்கம் உதைப்பது என்று முன்கூட்டியே பேசி, பத்துப் பேரையும் அந்தப் பக்கமே சாய்த்து ஓடவிடுகின்றன. மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். அதை ஒரு பக்கமாகப் பாதியாக்கிவிட்டால் துரத்துவது சுலபம். வெளிக்கோடே பதினோராவது ஆள் மாதிரி உதவும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதேதான். துரத்துபவர்கள் வலப்பக்கம் ஓட, உதை இடப்பக்கம் போனது. மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேடன் ரீட் பந்தை வாங்கியபோது அவருக்கு முன்னால் ஆளே இல்லை. 62 யார்டு. 20-20.

கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் 25ஆம் யார்டிலிருந்து ஒரு வாய்ப்பு. முதலில் ஆடிய நெப்ராஸ்கா இன்டர்செப்ஷன் கொடுத்தது. பிறகு மிச்சிகன் ஸ்டேட்டுக்கு 21 யார்டு உதை ஒன்றே போதுமாயிருந்தது.

ஒரு பாதி முழுக்க 14 யார்டுக்குள் கட்டிப்போட்ட தடுப்பாளர்கள் பேருந்தில் என்ன பேசிக்கொண்டு போனார்களோ.

9 அக்டோபர், சனி. லிங்கன்

போன வாரம் நார்த்வெஸ்டர்னை 56-7 என்று நொறுக்கினார்கள். தரையில் ஓடியே 427 யார்டு. இன்று ஒன்பதாமிடத்தில் உள்ள மிச்சிகன், இரவு ஆட்டம்.

லிங்கன் மெமோரியல் ஸ்டேடியம் 1923இல் திறந்தது. 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு முழுக்க விற்றுத் தீர்ந்த கணக்கு இன்னும் அறுபடவில்லை. ஆட்ட நாளில் இந்த மைதானம் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள்; ஒமாஹா, லிங்கன் இரண்டை விட்டால் இத்தனை பேர் வேறெங்கும் இல்லை என்பதால் அது வெறும் பெருமைப் பேச்சும் இல்லை. ஹேமார்க்கெட் பகுதியில் காரை நிறுத்தினால் பத்துப் பதினைந்து நிமிட நடை. ரன்ஸா என்றொரு உள்ளூர்ப் பண்டம் கேட்டுப் பாருங்கள்: மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம் வைத்து மூடிச் சுட்ட நீள ரொட்டி. குளிர் இரவில் கைக்கும் சூடு, வயிற்றுக்கும் சூடு. மாடு சாப்பிடாதவர்கள் வெளியிலேயே முடித்துவிட்டு வருவது உத்தமம்.

மிச்சிகன் 32, நெப்ராஸ்கா 29.

இடைவேளையில் 0-13 என்று இருந்தவர்கள் கடைசிக் கால்பகுதியில் 29-26 என்று முன்னிலை பெற்றார்கள். மிச்சிகன் ஓர் உதையில் சமன் செய்தது. பிறகு பந்து நெப்ராஸ்காவிடம். மார்ட்டினெஸ் தானே ஓடி, மடக்கப்பட்ட பிறகும் கால்களை ஓட்டிக்கொண்டே இருந்தார். மிச்சிகனின் பிராட் ஹாக்கின்ஸ் பந்தைப் பிடுங்கிவிட்டார். 1 நிமிடம் 45 வினாடி மிச்சம். 39 யார்டு உதை, கதை முடிந்தது.

முன்னேற்றம் நின்றுவிட்டது என்று நடுவர் ஊதியிருக்க வேண்டும் என்று பக்கத்து வரிசைகளில் எல்லாம் வாதம். ஊதும்வரை பந்து உயிரோடுதான் இருக்கிறது. பந்தை ஐந்து இடத்தில் அழுத்த வேண்டும்: நுனியில் விரல்கள், உள்ளங்கை, முன்னங்கை, முழங்கையின் உட்புறம், விலா. கூட்டத்துக்குள் நுழைந்ததும் அடுத்த கையும் மேலே வர வேண்டும். கூடுதலாக ஒரு யார்டுக்குப் போராடும்போது முதலில் விலகுவது முழங்கைதான், பிடுங்குபவர்கள் பின்னாலிருந்து குத்துவதும் அங்கேதான்.

16 அக்டோபர், சனி. மினியாபொலிஸ்

மினசோட்டா 30, நெப்ராஸ்கா 23.

பயணத்தைப் பொறுத்தவரை எங்கள் கணக்கில் இதுதான் மிகச் சுலபமான ஊர். டி மாயின் வரை ஐ-80, பிறகு ஐ-35 வடக்கே, ஆறரை ஏழு மணி நேரம். ஊருக்குள் கார் வேண்டாம். கிரீன் லைன் மின்ரயிலில் ஏறி ஸ்டேடியம் வில்லேஜ் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மைதானம். கூரை இல்லாத மைதானம். அக்டோபர் காலை 11 மணி ஆட்டத்துக்குத் தொப்பி, கையுறை இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் கையுறை தேவைப்படும், வெயிலில் தொப்பி.

இடைவேளைக்குப் பின் ஐந்து புள்ளி பின்தங்கிய நிலையில் எல்லைக்கு ஒரு யார்டு. நான்காவது முயற்சி. பந்தை வாங்கிய ஓட்டக்காரரின் கால் வழுக்கியது. அடுத்து 27 யார்டு ஃபீல்ட் கோல் தவறியது. அதன் பிறகு நெப்ராஸ்கா தன் சொந்த எல்லைப் பகுதிக்குள் சிக்கி ஒரு சேஃப்டி கொடுத்தது.

27 யார்டு என்றதும் சிரிக்க வேண்டாம். பந்து இருக்கும் கோட்டோடு 17 கூட்டினால் வருவது உதையின் தூரம்; ஆக பந்து பத்தாம் யார்டில் இருந்தது. ஆனால் கல்லூரி மைதானத்தில் பந்து வைக்கும் இரு பக்கக் கோடுகளுக்கும் இடையே 40 அடி இடைவெளி. உதைக் கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான். பக்கக் கோட்டில் பந்து இருந்தால், அது அந்தப் பக்கத்துக் கம்பத்துக்கும் வெளியே கிட்டத்தட்ட 11 அடி தள்ளி இருக்கிறது. தூரம் குறையக் குறைய இந்தச் சாய்வு கூடிக்கொண்டே போகும். தொழில்முறை ஆட்டத்தில் அந்தக் கோடுகள் கம்பங்களின் அகலத்துக்கே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பயிற்சியாளர் மூன்றாவது முயற்சியில் வேண்டுமென்றே பந்தை நடுவுக்கு ஓடவைத்தால் அது கோழைத்தனம் இல்லை, உதைக்கும் பையனுக்குக் கோணம் வாங்கித் தருகிறார்.

உதைத்தவரின் பெயரை இங்கே எழுதவில்லை. போன ஆண்டு நன்றாக உதைத்த மாணவர். இந்தப் பருவத்தில் அவர் பெயரைத் திட்டுவதற்கு ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

30 அக்டோபர், சனி. லிங்கன்

பர்டியூ 28, நெப்ராஸ்கா 23. மார்ட்டினெஸ் எறிந்ததில் நான்கு இன்டர்செப்ஷன். அதில் ஒன்று நேராக டச் டவுனுக்கே போனது. இன்று உதைப் பிரிவைக் குற்றம் சொல்ல முடியாது. பின்தங்கியிருக்கும்போது எறிந்தே பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், எதிரணித் தடுப்பாளர்கள் ஓட்டத்தை மறந்து பின்னால் நின்றே காத்திருப்பார்கள். குவாட்டர்பேக்குக்குத் தெரியும் இடைவெளி எல்லாம் அவர்கள் வைத்த பொறி.

மதியம் இரண்டரை மணி ஆட்டத்துக்கு வெயிலில் வந்து இருட்டில் திரும்புவீர்கள். ஒரு மேல்சட்டை கூடுதலாக வேண்டும்.

6 நவம்பர், சனி. லிங்கன்

ஒஹாயோ ஸ்டேட் 26, நெப்ராஸ்கா 17. அவர்களின் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா மட்டும் 15 பந்து பிடித்து 240 யார்டு. ஆனாலும் ஒஹாயோ ஸ்டேட் போட்ட டச் டவுன் இரண்டே இரண்டு. மீதி 12 புள்ளி நான்கு ஃபீல்ட் கோல்கள். நல்ல உதைப்பவர் ஓர் அணிக்கு என்ன தருவார் என்பதை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

8 நவம்பர், திங்கள். லிங்கன்

ஆட்டம் இல்லாத வாரம், செய்தி உண்டு. விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ், ஃப்ராஸ்ட் அடுத்த ஆண்டும் தொடர்வார் என்று அறிவித்தார்; ஆண்டுச் சம்பளம் 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைகிறது. தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் நால்வர் வெளியே.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஷாம்பெய்ன், நார்மன், ஈஸ்ட் லான்சிங், மினியாபொலிஸ் நான்கிலும் புள்ளி கசிந்தது பெரும்பாலும் உதைப் பிரிவில். பல கல்லூரி அணிகளில் அந்தப் பிரிவுக்கு முழுநேரப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். சிலவற்றில் வேறு வேலை பார்ப்பவர்களுக்கிடையே பகிர்ந்து கொடுத்துவிடுவார்கள். 2021இல் பத்து முழுநேரத் துணைப் பயிற்சியாளர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. ஒருவரை உதைக்கு ஒதுக்கினால் இன்னொரு பிரிவுக்கு ஒருவர் குறைவார். அந்தப் பேரம்தான் இங்கே புள்ளிகளாகக் கசிகிறது.

20 நவம்பர், சனி. மேடிசன்

விஸ்கான்சின் 35, நெப்ராஸ்கா 28.

அயோவா சிட்டி வரை ஐ-80, அங்கிருந்து வடக்கே திரும்பி டுபியூக் வழியாக யு.எஸ். 151. மிசிசிப்பிக் கரையில் சாலை ஏறி இறங்கும். இந்தப் பருவத்தின் பயணங்களில் கண்ணுக்கு ஏதாவது கிடைப்பது இந்த ஒரு வழியில்தான். கேம்ப் ரேண்டல் மைதானம் உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைவீரர் பயிற்சி முகாமாக இருந்த இடம். ரீஜென்ட் தெரு ஓரத்து வீட்டுக்காரர்கள் தங்கள் முற்றத்தையே வாடகைக்கு விடுவார்கள். ரொக்கம் வைத்திருங்கள். பின்னால் வேறு கார் அடைத்து நிற்காத இடமா என்று கேட்டுவிட்டு இன்ஜினை அணையுங்கள்.

தாமதமாக வந்தவர்கள் ஒரு டச் டவுனைத் தவறவிட்டார்கள். ஆட்டத்தின் தொடக்க உதையையே விஸ்கான்சின் வாங்கி 91 யார்டு ஓடிவிட்டது. கடைசியில் வித்தியாசம் எவ்வளவு என்று மேலே பாருங்கள். அதே ஏழு. விஸ்கான்சினின் பிரேலன் ஆலன் 228 யார்டு ஓடியதைத் தடுப்பு தாங்கிக்கொண்டது. மார்ட்டினெஸ் 351 யார்டு எறிந்தார். கடைசி நிமிடத்தில் நெப்ராஸ்கா எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்று, நான்கு முயற்சியும் தீர்ந்தது.

26 நவம்பர், வெள்ளி. லிங்கன்

நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், அயோவா. காலையில் ஐ-80 மேற்குப் பக்கம் முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி பறக்கும் கார்கள். லிங்கனில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். பெட்ரோலை நேற்றே போட்டிருக்க வேண்டும். ஆட்டம் பன்னிரண்டரைக்கு.

மார்ட்டினெஸுக்குத் தோள் அறுவை சிகிச்சை. லோகன் ஸ்மதர்ஸ் முதன்முறையாகத் தொடக்க குவாட்டர்பேக். மூன்றாம் கால்பகுதியில் நெப்ராஸ்கா 21-6 என்று முன்னே. எழுந்து போக வேண்டாம் என்று அனுபவப்பட்ட வரிசைகளில் யாரும் சொல்ல வேண்டியதே இல்லை, ஒருவரும் எழவில்லை.

அயோவா ஒரு ஃபீல்ட் கோல். 21-9. பிறகு நெப்ராஸ்காவின் பன்ட். கல்லூரி அணிகள் பலவும் உதைப்பவருக்கு முன் மூன்று பேரைக் கேடயம்போல் நிறுத்துகின்றன. முன்வரிசை ஆட்கள் ஒரு கணம் இடித்துவிட்டு ஓட, உள்ளே நுழைபவர்களை இந்த மூவர் வாங்க வேண்டும். இரண்டு பேர் ஒரே இடைவெளியில் வந்தால் கேடயத்தில் ஒருவர் உள்பக்கம் வருபவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தவனுக்குத் தூரம் அதிகம், நேரம் போதாது. அந்தத் தேர்வு பிசகினால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. உதை தடுக்கப்பட்டது, 14 யார்டு ஓட்டம், டச் டவுன். 21-16. இன்னொரு ஃபீல்ட் கோல், 21-19. சொந்த எல்லைப் பகுதிக்குள் சிக்கிய ஸ்மதர்ஸ், ஒரு சேஃப்டி, 21-21. பிறகு ஒரு டச் டவுன்.

அயோவா 28, நெப்ராஸ்கா 21. தொடர்ச்சியாக 22 புள்ளி. அதில் தடுத்த பன்ட்டும் சேஃப்டியும் சேர்ந்து 9.

முழுக் கணக்கு இதோ. 3 வெற்றி, 9 தோல்வி. தோற்ற வித்தியாசங்கள் வரிசையாக 8, 7, 3, 3, 7, 5, 9, 7, 7, கூட்டினால் 56. மூன்று வெற்றிகளின் வித்தியாசம் மட்டும் 119. பருவம் முழுக்க எடுத்தது 335, கொடுத்தது 272. ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் அடிமட்டம். மொத்தமாகக் கூட்டினால் 63 புள்ளி உபரி. நெட் ரன் ரேட் பிளஸில் இருந்தும் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஐபிஎல் அணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்லூரி ஆட்டத்தின் இந்த உயர்மட்டப் பிரிவில் ஒரே பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தோற்ற அணி இதற்கு முன் இருந்ததில்லை.

ஹீரோஸ் கோப்பை என்று இந்த இரு அணிகளுக்கும் நடுவே ஒரு கோப்பை உண்டு. அது அயோவாவிடம்தான் இருந்தது, அதனால் இடம்கூட மாறவில்லை. திரும்பிப் போகிறவர்களுக்கு: இன்று மாலை ஐ-80 கிழக்குப் பக்கம் ஒமாஹா வரை ஊர்ந்துதான் போகும். யு.எஸ். 6 வழியாக ஆஷ்லாந்து, கிரெட்னா என்று போய்விடுங்கள், அரை மணி நேரம் மிச்சமாகலாம்.